பேக்கரி மாடியின் உறக்கம் சார்

இந்தியாவின் மிகச் சிறந்த மேனேஜர் யார் என்று என்னைக் கேட்டால், அவர் பாறசாலையில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தார் என்று சொல்வேன். அவருக்குக் கீழே வேலை பார்த்த நாங்கள் அத்தனை பேரும் இதற்குக் கை தூக்குவோம். அவருக்கு மேலே இருந்தவர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு ஏறிய ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை என்று கேள்வி.

திடீரென்று இப்போது ஏன் அவர் ஞாபகம் என்றால், போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இப்போது நான் இருப்பது திருவனந்தபுரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம். திரையில் 'மனிதர்களை மையமாகக் கொண்ட தலைமை' என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு எங்களுக்கு நடுவே உலாவினார். "உங்களை உருவாக்கிய தலைவர் யார்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் ஒரு விஞ்ஞானியைச் சொன்னார். ஒருவர் கிரிக்கெட் கேப்டனைச் சொன்னார். ஒரு பெண் தன் அம்மாவைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் முறை வந்தது.

"உறக்கம் சார்" என்றேன்.

பயிற்சியாளர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, இரண்டு நிமிடத்தில் விளக்க முடியுமா என்று கேட்டார். எங்கே முடியும்? உறக்கம் சார் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகும். அங்கே விழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி இன்வெர்ட்டர் விற்கிற கம்பெனி. தமிழ்நாடு, கேரளா எல்லைக்கு அந்தப் பக்கமும் விற்பார்கள், இந்தப் பக்கமும் விற்பார்கள். கரண்டு போய், இன்வெர்ட்டரும் போய், இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் திட்டுவதற்கு ஒரு நம்பர் வேண்டும் அல்லவா, அந்த நம்பர் எங்கள் மாடியில் அடிக்கும். எல்லையை ஒட்டிய பாறசாலையைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் பிறந்தவன் தமிழில் கோபப்பட்டு மலையாளத்தில் சமாதானமாவான். ஒரே சம்பளத்தில் இரண்டு மொழிக்காரன் கிடைக்கிறான் என்று கொச்சியில் இருந்த தலைமை அலுவலகம் மகிழ்ந்துபோயிருந்தது.

உறக்கம் சாருக்குச் சொந்த ஊர் செங்கல் என்ற கிராமத்துப் பக்கம். ஐம்பதைத் தொட்ட வயது, முழுக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு. அடுத்த அறையில் யாரோ உறங்கிக்கொண்டிருப்பதுபோலத்தான் எப்போதும் நடப்பார். அந்தப் பெயரை வைத்தது கீழே இருந்த பேக்கரிக்காரர்கள். அவர் உறங்குவதால் வைத்த பெயர் அல்ல. அவர் பிறரை உறங்க வைப்பார்.

நான் இன்டர்வியூவுக்குப் போன அன்றே அது தெரிந்துவிட்டது. ஐந்து வருடம் கழித்து எந்த நிலையில் இருப்பாய் என்று கேட்பார்கள் என்று கண்ணாடி முன் நின்று பதில் பழகிக்கொண்டு போயிருந்தேன். அவர் என் சான்றிதழ்களை மூடிவைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உச்சைக்குச் சோறு உண்ட பெறவு ஒறக்கம் வருமா மக்கா?"

"வராது சார். சாயங்காலம் வரைக்கும் சுறுசுறுப்பா இருப்பேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் முகம் வாடிவிட்டது. "டாக்டரக் காட்டினியா?" என்று கேட்டார். பிறகு அவரே என்னைத் தேற்றினார். "செரி, நீ சேந்துக்க. இஞ்ச வந்தா எல்லாம் செரியாவும்."

சேர்ந்த அன்று மதியம் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தால் விளக்கெல்லாம் அணைந்திருந்தது. கரண்டு போய்விட்டதென்று நினைத்தேன். இன்வெர்ட்டர் கம்பெனியில் கரண்டு போவதா என்று சிரிப்புக்கூட வந்தது. பார்த்தால், மேசைகளுக்கு நடுவே பாய்கள் விரித்திருந்தன. ஆண்களெல்லாம் வரிசையாகப் படுத்திருந்தார்கள். மேனேஜருடைய கண்ணாடி அறையில் திரையை இழுத்துவிட்டுப் பெண்கள் படுத்திருந்தார்கள். மேனேஜர் மட்டும் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். எனக்கு ஒரு பாயைக் காட்டினார். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரைமணி நேரம் ஆபீஸ் முழுக்க உறங்கும், அத்தனை போனையும் அவர் ஒருவரே எடுப்பார். அதுதான் அவருடைய நிர்வாகம்.

அந்த அரைமணி நேரத்தை எப்படிச் சொல்ல. கீழே பேக்கரி அடுப்பில் பன் வெந்து உப்பும் வாசனை படியேறி வரும். நாகர்கோவில் ரயில் ஸ்டேஷனில் நின்று, யாரையும் தொந்தரவு செய்யாமல் கிளம்பிப் போகும். மோடத்தின் நீல விளக்குகள் சுவரில் சிமிட்டிக்கொண்டிருக்கும். பாதி உறக்கத்தில் அவருடைய குரல் கேட்கும். "அந்தச் சொவப்பு லைட்டு எரியுதா... பையத் தொட்டுப் பாருங்க... பேடிக்காண்டாம், ஒண்ணும் செய்யாது." அந்தக் குரல் அப்படியே கனவுக்குள் வந்துவிடும். நான் ஒரு தென்னை உச்சியில் இருந்த சிவப்பு விளக்கைத் தொட்டு அணைத்தேன். உடனே நிலா எரிந்தது. எழுந்தபோது, வேலைக்குச் சேர்ந்து அரை நாள்தான் ஆகிறது என்பதை நம்ப முடியவில்லை.

வாடிக்கையாளர்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மதுரைப் பக்கம் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் காலையில் கூப்பிட்டால் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்போம். ஒருநாள் அவர் மதிய நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"என்னய்யா மிஷினக் குடுத்திருக்கீங்க, ஒரு மழைக்குத் தாங்கல" என்று ஆரம்பித்தார். ஹெட்போனைத் தாண்டி, பாயில் படுத்திருந்த எனக்கே அது கேட்டது.

"அண்ணாச்சி, கொஞ்சம் பையப் பேசணும்" என்றார் உறக்கம் சார், மூச்சுக்காற்றில். "இஞ்ச பிள்ளைக ஒறங்குது."

அந்தப் பட்டாளத்துக் குரல் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் குரல்போலத் தணிந்தது. "எத்தனை பிள்ளைகங்க?"

"ஒரு பன்னிரண்டு இருக்கும்."

"ஆத்தாடி" என்று அவரும் ரகசியமாகவே சொன்னார்.

இருவரும் குசுகுசுவென்று பேசியே இன்வெர்ட்டரைச் சரிசெய்துவிட்டார்கள். சாயங்காலம் அவர் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை போனை எடுத்தது நான். "தம்பி, பிள்ளைக எந்திரிச்சிருச்சா? பால் குடிச்சிச்சா?" என்று விசாரித்தார். நான் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன். "குடிச்சாச்சு சார்" என்றேன்.

உறங்கி எழுந்ததும் சாயா வரும். மற்ற ஆபீஸ்களில் டார்கெட் பேசும் கூட்டம் நடக்கும் அல்லவா, அந்தக் கூட்டம் எங்களுக்கு அப்போதுதான். உறக்கம் சார் கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பார். "ஆரு என்ன கண்டீங்க?" ஒவ்வொருவரும் தான் கண்ட கனவைச் சொல்ல வேண்டும். அவர் பதவி உயர்வு, இடமாற்றம் எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் முடிவு செய்தார். சத்தியமாகச் சொல்கிறேன்.

பினு என்று ஒருவன் இருந்தான். போனில் பேசும்போது நாற்காலியில் நிற்பான், மேசைமேல் ஏறுவான், ஜன்னலில் தொங்குவான். கனவிலும் எப்போதும் உயரத்திலேதான் இருப்பான். தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி, ஒருமுறை கோவில் கொடிமரம். நாலைந்து கனவு கேட்டபின் உறக்கம் சார் தீர்ப்புச் சொன்னார். "எலே பினு, உனக்கு கசேரையில என்ன சோலி? நாளை முதல் நீ வெளிய போ."

வேலை போய்விட்டதென்று பினு அழுதான். போனது வேலையல்ல, நாற்காலிதான். வீட்டு மாடிகளில் சோலார் தகடு மாட்டுகிற பிரிவுக்கு அவனை அனுப்பியிருந்தார். இப்போது பினுவுக்கு வாழ்க்கையில் ஒரே குறை, சாப்பிடுவதற்குக் கீழே இறங்கி வரவேண்டியிருக்கிறது என்பதுதான்.

எனக்கு வந்த கனவுகளில் நான் யாருக்கோ எழுதிக்கொண்டே இருப்பேன். "நீ போனில பேசினா கேக்கக் கொள்ளாது மக்கா" என்றார் என்னிடம், மனம் நோகாதபடி தோளைத் தட்டி. "எழுதினா கொள்ளாம்." எழுத்து மட்டும் தேறும் என்று அர்த்தம். ஈமெயிலில் வரும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலைக்கு என்னை மாற்றினார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதைப் பற்றி நான் எழுதிய பதிலை, தன் மாமியாருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டியதாகத் திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மாள் எழுதினார். எனக்கு வந்த முதல் வாசகர் கடிதம் அதுதான். நான் இந்தப் பத்திரிகையில் எழுத வந்த வழி அங்கேதான் தொடங்கியது.

எல்லாரையும் இப்படி ஒரு இடத்தில் பொருத்திவிட்ட உறக்கம் சாருக்கு ஒருத்தியிடம் மட்டும் எதுவும் பலிக்கவில்லை. ஷைனி.

அவள் பொழியூர் கடற்கரைப் பெண். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள், அம்மா மீன் விற்கிறவர். விடியும் முன் எழுந்து அம்மாவுக்குக் கரையில் உதவி செய்துவிட்டு, குளித்து, பஸ் பிடித்து வருவாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க வீட்டை விட்டு இறங்கியவர்களில் அவள்தான் அந்த வீட்டுக்கு முதல் ஆள். எங்கள் எல்லாரையும்விட அதிகமாக உறக்கம் வரவேண்டியவள் அவள். ஆனால் மதியம் கண்ணாடி அறையில் மற்றப் பெண்கள் படுத்திருக்க, அவள் மட்டும் சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் அப்போது பிரொபேஷனில் இருந்தாள். உறங்குவதை யாராவது பார்த்து எழுதிவைத்துவிடுவார்கள் என்ற பயம்.

"என்ன கண்ட பிள்ளே?" என்று தினமும் கேட்பார் சார்.

"ஒண்ணும் காணல்ல சார்" என்பாள் தினமும்.

"செரி. காணும்பம் சொல்லு" என்பார். ஆனால் அவருக்கு அது பெரிய கவலையாக இருந்தது. "அவள எங்க வைக்கணும்னு தெரியல்லியே மக்கா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஷைனிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவள் போனை வைக்க மாட்டாள். நாங்களெல்லாம் 'மெக்கானிக் வருவார்' என்று சொல்லி வைத்துவிடுவோம். அவள் விளக்கு எரியும்வரை லைனில் இருப்பாள். "வெட்டம் வந்துதா அக்கா? செரி, நான் இஞ்சதான் நிக்கேன்." பேச்சு தீர்ந்துபோனால் சும்மா இருப்பாள். ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, ஒரு வள்ளம் கரைக்கு வரவில்லையென்றால் எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குள் போக மாட்டார்கள் என்றாள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒருவர் எவ்வளவு சீக்கிரம் போனை வைக்கிறார் என்பதைத்தான் கொச்சியில் அளந்தார்கள்.

இந்த நிலைமையில்தான் கொச்சியிலிருந்து பெரிய அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்து இறங்கினார். இறங்கினது மதிய நேரம். கழுத்தில் டை, காலில் ஷூ, நல்ல வெயில். படியேறி வந்தவர் இருட்டில் முதலில் மிதித்தது என் காலை.

"எந்தா இது?" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் உறக்கம் சார் வந்து உதட்டில் விரலை வைத்தார்.

"பைய சார். தூரத்திலேர்ந்து வந்திருக்கீங்க. கொஞ்சம் கால நீட்டி இரியுங்க. பெறவு என்னை எவ்வளவு வேணும்னாலும் வழக்குப் பறயலாம்."

திட்டுவதற்கு வசதியாகத்தான் அதிகாரி பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சுவரில் சாய்ந்தார். ஏ.சி. காற்று பட்டது. பன் வாசனை படியேறி வந்தது. சாய்ந்தவர் சரிந்தார். சரிந்தவர் விட்ட குறட்டையில் அன்று எங்கள் யாருக்கும் உறக்கம் இல்லை. நாங்கள் எழுந்து, விளக்கைப் போட்டு, வேலையைத் தொடங்கி, சாயங்காலச் சாயாவும் வந்த பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார். சுற்றி நாங்கள் அத்தனை பேரும் டம்ளரோடு நின்றோம்.

"என்ன கண்டீங்க சார்?" என்று உறக்கம் சார் வழக்கம்போலக் கேட்டார்.

பாதி உறக்கத்தில் இருந்த அதிகாரி, அம்மா தன்னைக் குளத்தில் நிறுத்திக் குளிப்பாட்டியதாகவும், சோப்பு கண்ணில் பட்டதாகவும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் யார் என்பது அவருக்கு நினைவு வந்தது. டையை இறுக்கிக்கொண்டு படியிறங்கினார். தன் உறக்கத்தைப் பார்த்தவர்களை எந்த அதிகாரியும் மன்னிப்பதில்லை.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. எல்லாக் கிளையிலும் ஆட்குறைப்பு. பாறசாலையில் ஒருவர் போக வேண்டும், அது ஷைனி. மாத முடிவுக்குள் மேனேஜர் அந்தச் சேதியை 'மனிதநேயத்தோடு நேரில்' தெரிவிக்க வேண்டும். அது கம்பெனியின் கொள்கையாம். கத்தியை வெந்நீரில் கழுவிவிட்டுத்தான் வெட்டுவார்கள்.

உறக்கம் சார் அந்த மாதம் பட்ட பாடு சொல்லி முடியாது. முதல் நாள் ஷைனியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கூப்பிட்டு, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள். ஒரு பன் கொடுத்து அனுப்பினார். மறுநாளும் கூப்பிட்டார், மறுநாளும் பன். பிறகு ஒத்திகை பார்க்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார். "நீ ஷைனி. நான் பறயேன், நீ கேளு." நான் ஷைனியாகத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கண் கலங்கிவிட்டது. "உன்னை எப்படி மக்கா போகச் சொல்லுவேன்" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பன் தின்று தின்று ஷைனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என்னை நிறுத்தினாள். "சார் எனக்கு பன்னு தாறது நல்லதுக்கில்ல. எனக்க சோலி போச்சா?"

"எனக்கெப்படித் தெரியும்" என்றேன். அவள் நம்பவில்லை.

கடைசியில் சார் ஒரு திட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிடலாம். ஆண்களெல்லாம் கடலுக்குப் போயிருப்பார்கள், அம்மாவிடமும் மகளிடமும் அமைதியாகப் பேசிவிட்டு வந்துவிடலாம். என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது, ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் வள்ளம் இறக்க மாட்டார்கள். தேவாலயத்தில் பூசை முடிந்து ஊரே கரையில் இருந்தது. அப்பா, அண்ணன்மார், சித்தப்பாமார், மணலில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒரு பெரும் கூட்டம். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"வாருங்க சாரே, வாருங்க" என்று ஷைனியின் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "எனக்க மோளுக்கு வேலைய ஒறப்பிச்சுத் தந்தீங்களே. ஒங்களுக்கு ஒருநேரம் சோறு போடல்லியேன்னு இருந்தேன்."

நாங்கள் இருவரும் ஷைனியைப் பார்த்தோம். அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தாள். பிரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டில் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறாள்.

உறக்கம் சார் அன்று தின்றதுபோல ஒரு மனிதன் தின்று நான் பார்த்ததில்லை. மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன் கறி, பொரித்த மீன், மறுபடி மரச்சீனி. வாயில் சோறு இருக்கும்வரை சேதியைச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் காரணம். மூச்சுவிட முடியாமல் கை கழுவினார். ஷைனியின் அப்பா எழுந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை.

"கடலுக்குப் போறப்பம் இவள நெனச்சு இப்பம் பேடி இல்ல சாரே" என்றார்.

திரும்பும் வழியில் ஒரு பாலத்தில் சார் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார். கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. தென்னைகள் அதில் தலைகீழாக நின்றன.

"மக்கா, எல்லாருக்கும் கசேர தேடிக் கொடுத்தேன். தப்பான கசேரையில இருக்கது நான் ஆக்கும்" என்றார்.

"யாராவது ஒரு ஆள் போய்த்தானே ஆகணும் சார்" என்றேன், எனக்குத் தெரிந்த நிர்வாகத்தை வைத்து.

"ஆளு போகாண்டாம். கசேர போனா மதி, அது போதும்."

மறுநாள் காலை வீடியோவில் கொச்சி அதிகாரி வந்தார். சேதியைச் சொல்லியாயிற்றா என்று கேட்டார். உறக்கம் சார் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டே, அதே மெல்லிய குரலில் பதில் சொன்னார்.

"சார், ஒரு கசேர கொறஞ்சா மதியில்லியா? மேனேஜர் கசேரையக் கொறச்சிருங்க. நான் பிள்ளைகளுக்க கூட இருந்து போன் எடுத்துக்கிடுதேன்."

"பின்னே ஆபீஸ் ஆரு நோக்கும்?"

"அவங்களே நோக்கும். பெரிய பிள்ளைகளாக்கும்."

அதிகாரி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, ஆபீஸ் விஷயம் இல்லாததுபோல மதிய உறக்கத்தைப் பற்றிக் கேட்டார். "ஆ உச்சயுறக்கம் இப்பழும் உண்டோ?"

"உண்டு சார். வாருங்க" என்றார் உறக்கம் சார்.

இரண்டே நாளில் உத்தரவு வந்துவிட்டது. ஒரு மேனேஜர் பதவி மிச்சமாகிறதென்றால் எந்தத் தலைமை அலுவலகம் வேண்டாம் என்று சொல்லும்? தன் பதவியைத் தானே ரத்து செய்துகொண்ட மேனேஜர் அந்தக் கம்பெனி சரித்திரத்தில் இவர் ஒருவர்தான். ஷைனிக்கு வேலை நிரந்தரம். உறக்கம் சார் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்.

ஷைனி அவரைப் பார்க்கவேயில்லை. கீபோர்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "எதுக்கு சார் இப்படிச் செய்தீங்க? எனக்காண்டியா?"

"உனக்காண்டி ஒண்ணும் இல்ல பிள்ளே" என்றார் அவர், ஹெட்போனைத் தலைக்குத் தகுந்தபடி இழுத்துவிட்டுக்கொண்டே. "உச்சைக்கு மட்டும் போன் எடுத்து எனக்கு மதியாவல்ல."

அது பொய்யில்லை என்பதுதான் வேடிக்கை. அந்த மனிதரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அன்று மதியம் விளக்கை அணைத்தோம். இனி மதியப் போனை ஆளுக்கொரு நாள் எடுப்பது என்று பேசி, முதல் நாளை நான் வாங்கிக்கொண்டேன். போனில் நான் பேசுவது கேட்கச் சகிக்காது என்றாலும் பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். உறக்கம் சார் மற்ற எல்லாரையும்போலப் பாயில் படுத்தார். கொஞ்ச நேரம் புரண்டார். பழக்கமில்லாத வேலை, அவருக்கு வரவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெளியே மழை தொடங்கி, சத்தமில்லாமல் பெய்தது. கூடம் முழுக்க மூச்சு ஏறி இறங்கும் ஒலி மட்டும். நாங்கள் இருவரும் ஒரு பெரிய வள்ளத்தைக் காவல் காப்பதுபோல உட்கார்ந்திருந்தோம்.

பிறகு விளக்கைப் போட்டோம். சாயா வந்தது. ஒவ்வொருவராக எழுந்து கண்ட கனவைச் சொன்னார்கள். போன்கள் அடிக்க ஆரம்பித்தன. ஷைனியின் மேசை மட்டும் காலியாகவே இருந்தது. கண்ணாடி அறையின் திரையை விலக்கிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே பழகிய அந்தப் பெண், பாயில் குப்புறப் படுத்து, ஒரு கையை நீட்டிப்போட்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, அப்படியொரு உறக்கத்தில் கிடந்தாள். அவளுடைய போனும் அடிக்க ஆரம்பித்தது. எழுப்பலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"எழுப்பாத மக்கா" என்றார் உறக்கம் சார். "இண்ணைக்காக்கும் அவ வேலைக்குச் சேந்திருக்கா."

அவளுடைய போனை அவரே போய் எடுத்தார். நான் திரையை மெதுவாக இழுத்துவிட்டேன். இன்னொரு முறை அந்த மனிதருக்குக் கீழே வேலை பார்க்கக் கிடைத்தால், கண்ணாடிக் கட்டடத்தை விட்டு நான் நாளைக்கே இறங்கிப் போய்விடுவேன்.